மகளுக்கு ‘ஆதிரை’ என்று பெயர்: உண்மையான பொருள் என்ன?

#1 முகப்பேர் அப்பா

வணக்கம். மகள் பிறந்து 24 நாள் ஆகிறது. வருகிற ஞாயிறு முப்பதாம் நாள்; அன்று தொட்டில் போட்டுப் பெயர் வைக்கிறோம். மனைவி கல்லூரி நாளிலிருந்து மனத்தில் வைத்திருக்கும் பெயர் ‘ஆதிரை’. எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பொருள் என்ன என்று யாராவது கேட்டால் இரண்டு பேரும் முழிக்கிறோம்.

பெயர்ப் பட்டியல் போடும் தளங்களில் ஒன்று ‘முதன்மையானவள்’ என்கிறது, இன்னொன்று ‘வலிமை மிக்கவள்’, மூன்றாவது ‘அழகிய நட்சத்திரம்’. மச்சான் “ஆ என்றால் பசு, திரை என்றால் அலை, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் மாமா” என்று சிரிக்கிறார். சித்தப்பாவுக்கு அது வடமொழிப் பெயர், வேண்டாம். அம்மாவின் வாதம் வேறு. குழந்தையின் நட்சத்திரம் கேட்டை. கேட்டையில் பிறந்தவளுக்குத் திருவாதிரையின் பெயரை எப்படி வைப்பது என்கிறார். ஜோசியர் நோ, ய, யி, யு என்று நான்கு எழுத்து கொடுத்திருக்கிறார். ய-வுக்குப் பக்கத்தில்தானே யா, யாழினி என்று வைத்துவிடு, வேலை முடிந்தது என்கிறார். எங்கள் தெருவில் ஏற்கெனவே மூன்று யாழினி இருக்கிறார்கள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிறுக்குள்!

#2 கொரட்டூர்க்காரன்

வாழ்த்துகள் சார். ஆதி என்றால் முதல். ஆதிரை என்றால் முதல்வி. அக்கா மகளுக்கு இந்தப் பொருளைச் சொல்லித்தான் வைத்தோம். யோசிக்காமல் வையுங்கள்.

#3 ஒற்றியூர் தமிழ் டீச்சர்

கொரட்டூர் தம்பி, அக்கா மகளுக்கு என் ஆசி. ஆனால் பொருள் அதுவல்ல. ‘ஆதி’க்கும் ‘ஆதிரை’க்கும் உறவே கிடையாது.

ஆதிரை என்பது 27 நட்சத்திரங்களில் ஆறாவது, திருவாதிரை. வடமொழியில் ஆர்த்ரா. சித்ரா தமிழில் சித்திரை ஆனதுபோல ‘த்ரா’ என்ற முடிவு ‘திரை’ ஆயிற்று. நடுவில் இருந்த ர் உதிர்ந்துபோயிற்று. மார்கழியில் கோயில்களில் ஆருத்ரா தரிசனம் என்று போடுகிறார்களே, அதுவும் இதே சொல்தான். ஒன்று வேட்டி கட்டி வந்தது, ஒன்று வந்தபடியே இருக்கிறது. ஆர்த்ரா என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் ஈரமானது, நனைந்தது.

மச்சானிடம் சொல்லுங்கள், பசுவும் அலையும் இதில் இல்லை. என் மாணவன் ஒருவன் ‘ஆதி + இரை, அதாவது முதல் உணவு’ என்று தேர்வில் எழுதிவைத்தான். ஆதியும் இரையும் புணர்ந்தால் ‘ஆதியிரை’ என்றுதான் வரும். மதிப்பெண் போடவில்லை, ஆனால் அந்த விடைத்தாளை நான் மறக்கவில்லை. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

#4 சந்தேகப்பிராணி

அப்படியானால் சித்தப்பா சொன்னது சரி. வடசொல்தான். தூய தமிழ்ப் பெயர் என்று நினைத்து வைக்கிறவர்களுக்கு ஏமாற்றம்.

#5 ஒற்றியூர் தமிழ் டீச்சர்

வேர் வடசொல், மறுக்கவில்லை. ஆனால் தொல்காப்பியரே இதற்கு வழி சொல்லிவிட்டார்: ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே’. வடவெழுத்தைக் கழற்றிவிட்டுத் தமிழ் எழுத்தோடு வந்தால் அது நம் செய்யுளில் உட்காரலாம். இப்படி உருமாறி வருவதை இலக்கணத்தில் தற்பவம் என்பார்கள். ச்ரவணம் ஓணம் ஆயிற்று, ஜ்யேஷ்டா கேட்டை ஆயிற்று, ஆச்லேஷா ஆயிலியம் ஆயிற்று. இவற்றில் எதைக் கேட்டாலும் உங்களுக்கு வடமொழி என்று தோன்றுகிறதா? அம்மா பிடிவாதமாக நிற்கும் ‘கேட்டை’யும் அதே வண்டியில் வந்து இறங்கியதுதான்.

தவிர, இந்தப் பெயர் நேற்று வந்ததும் அல்ல. பரிபாடலில் ‘மாயிருந் திங்கள் மறுநிறை ஆதிரை’ என்று வருகிறது. மார்கழி முழுநிலாவும் ஆதிரையும் கூடும் நாள். மழைக்காலத்துக்குப் பிந்திய குளிரில், வையைக் கரையில் கன்னிப்பெண்கள் நீராடுகிறார்கள். என்ன வேண்டி? ‘வெம்பாதாக வியனில வரைப்பு’. இந்தப் பெரிய நிலம் காய்ந்து வெம்பாமல் இருக்கட்டும் என்று. ஈரம் என்ற பொருளுள்ள நாளில் ஈரம் கேட்டு நிற்கிறார்கள் பாருங்கள்.

#6 சந்தேகப்பிராணி

டீச்சர், பரிபாடல் பாடியவருக்கு ஆர்த்ரா என்றால் ஈரம் என்று தெரிந்து எழுதினாரா, நாம் இப்போது ஒட்டவைக்கிறோமா?

#7 ஒற்றியூர் தமிழ் டீச்சர்

நாம்தான் ஒட்டவைக்கிறோம். ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

#8 மாடவீதி

மயிலாப்பூர்க்காரன் இருக்கும்போது இந்தக் கதையை முடித்துவிட முடியுமா?

சிவநேசர் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்து, சாம்பலைக் குடத்தில் வைத்திருந்தபோது திருஞானசம்பந்தர் வந்து பாடிய பதிகம் இங்கே எல்லோருக்கும் தெரியும். கபாலீச்சரத்தின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘இதைக் காணாமலா போகிறாய் பூம்பாவாய்?’ என்று கேட்பார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, அடுத்தது ஆதிரை. நாலாவது பாட்டின் கடைசி அடி: ‘ஆர்திரைநாள் காணாதே போதியோ பூம்பாவாய்’.

‘ஆர்திரை’ என்று இருக்கிறது, கவனித்தீர்களா? அச்சுப்பிழை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். டீச்சர் மேலே ‘ர் உதிர்ந்துபோயிற்று’ என்றதும் பொறி தட்டியது. இங்கே உதிராமல் நிற்கிறது!

#9 ஒற்றியூர் தமிழ் டீச்சர்

அச்சுப்பிழை இல்லை தம்பி. அந்தப் பாட்டின் நான்கு அடியும் எப்படித் தொடங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஊர்திரை, கூர்தரு, கார்தரு, ஆர்திரை. இரண்டாம் எழுத்து நான்கிலும் ர். எதுகைக்கு அது வேண்டும். ஆதிரை என்று போட்டால் நாலாவது அடி நொண்டும். ஆர்த்ராவுக்கும் ஆதிரைக்கும் நடுவில் நிற்கும் இந்த வடிவத்தைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டாம், கபாலி கோயில் பதிகத்திலேயே இருக்கிறது.

#10 மாடவீதி

அடுத்த பிரதோஷத்துக்கு ஓதுவாரிடம் இதைச் சொல்லி அசத்துகிறேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கும், அது வேறு விஷயம்.

#11 மொட்டைமாடி வானம்

மொழி போதும், கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். திருவாதிரையைக் கண்ணால் பார்க்கலாம்.

மார்கழியில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவரும். அவற்றுக்கு இடப்பக்கம், வடக்கே, தனியாக ஒன்று செக்கச்செவேல் என்று எரியும். அதுதான். வானியலில் பீட்டல்ஜூஸ். பெரம்பூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்தே, பக்கத்து அடுக்குமாடியின் விளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரிகிறது. சிவப்புப் பெருமீன், தூரம் சுமார் 500 முதல் 700 ஒளியாண்டு. 2019 கடைசியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை திடீரென்று மங்கிப்போய், வெடிக்கப் போகிறது என்று உலகமே பரபரத்தது. கடைசியில் அது தானே கக்கிய தூசிமேகம் முன்னால் வந்து மறைத்தது என்று சொன்னார்கள். அந்த இரண்டு மாதமும் நான் தினமும் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வடாம் காயப்போடும் இடத்தில் நின்று நட்சத்திரத்துக்கு ஜுரம் பார்க்கிறான் என்று வீட்டில் கிண்டல்.

இன்னொரு விசேஷம். பழைய சொல்லகராதியான நிகண்டில் திருவாதிரைக்குச் ‘செங்கை’ என்று ஒரு பெயர் உண்டு. சிவந்த கை. பீட்டல்ஜூஸ் என்பது ‘ஜவ்ஸாவின் கை’ (ஜவ்ஸா, அந்த மீன் இருக்கும் கூட்டத்துக்கு அரபியர் வைத்த பெயர்) என்று பொருள்படும் அரபுப் பெயர் திரிந்து வந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மீனைப் பார்த்து ‘கை’ என்றிருக்கிறார்கள்.

#12 கொரட்டூர்க்காரன்

அப்போ அக்கா மகளிடம் இனிமேல் முதல்வி என்று சொல்லாமல் சிவந்த கை என்று சொல்லட்டுமா? அழுவாள் சார்.

#13 மொட்டைமாடி வானம்

ஒரு நாள் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தன் பெயரில் வானத்தில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அழாது.

#14 திருச்சூர்க்காரி

அண்ணாநகரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். எங்கள் ஊரில் இதே பெயர் ‘ஆதிரா’. என் வகுப்பில் மட்டும் நான்கு ஆதிரா. திருவாதிரை எங்களுக்குப் பெண்கள் திருவிழா. நோன்பு இருந்து, இரவில் விளக்கைச் சுற்றிக் கைகொட்டி ஆடுவோம், விடியுமுன் குளத்தில் குளிப்போம். மேலே டீச்சர் சொன்ன வையைக் குளியலைப் படித்ததும் எனக்குப் பாட்டி வீட்டுக் குளத்தின் குளிர் வந்துவிட்டது.

இங்கே வந்துதான் களி சாப்பிட்டேன். எதிர் வீட்டு மாமி கொடுத்து அனுப்புவார். வறுத்து உடைத்த பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெல்லப்பாகில் குழைந்து, மேலே தேங்காய்ப்பூ, ஏலக்காய். கூடவே ஏழு காய் போட்ட கூட்டு. இனிப்புக்குக் குழம்பைத் தொட்டுச் சாப்பிடுவதா என்று முதல் வருடம் முகம் சுளித்தேன். இப்போது டிசம்பர் வந்தால் நானே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறேன்.

#15 மாடவீதி

‘திருவாதிரையில் ஒரு வாய்க் களி’ என்பது சும்மாவா? சேந்தனார் கதையில் விறகு மழையில் நனைந்து விற்காமல் போனதால்தான் அந்தக் களியே. அன்றைக்கு வீட்டில் இருந்த மாவைக் கிண்டி அடியாருக்குப் போட்டார், மறுநாள் தில்லையில் சந்நிதி முழுக்கக் களி சிதறிக் கிடந்தது என்பார்கள். இங்கேயும் ஈரம்தான் டீச்சர், ஈர விறகு!

#16 சந்தேகப்பிராணி

சரிதான், இனி கோயம்பேட்டில் தண்ணீர் தேங்குவதற்கும் ஆதிரைதான் காரணம் என்பீர்கள்.

#17 இரவுப்பணி

எல்லோரும் சுற்றிச்சுற்றி நட்சத்திரத்தையே பேசுகிறீர்கள். இந்தப் பெயருக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள், மணிமேகலைக் காப்பியத்தில். பெயர் வைக்கும் பெற்றோர் அவள் கதையைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை.

காவிரிப்பூம்பட்டினத்து ஆதிரை. புருஷன் சாதுவன். கணிகை வீடு, சூது என்று எல்லாப் பணத்தையும் தொலைத்துவிட்டு, சம்பாதிக்கிறேன் பேர்வழி என்று கப்பல் ஏறுகிறான். கப்பல் உடைகிறது. அவன் செத்தான் என்று செய்தி வந்ததும் இவள் சுடலையில் தீ வளர்த்து இறங்குகிறாள். தீ சுடவில்லை. உடுத்த புடவை கருகவில்லை, கூந்தலில் பூ வாடவில்லை. அதற்காவது நிம்மதி அடைந்தாளா? ‘தீயும் கொல்லாத் தீவினை யாட்டியேன்’ என்று அழுகிறாள்! தீகூடத் தன்னைக் கொல்ல மறுக்கும் அளவுக்குத் தான் பாவி என்று. அப்புறம் அசரீரி, கணவன் உயிரோடு இருக்கிறான், வருவான் என்கிறது. வருகிறான். இவள் பத்தினி என்று ஊர் கொண்டாடுகிறது. ஊதாரிக்காகத் தீயில் இறங்கியவளின் பெயரை 2020-களில் பிறந்த பெண்ணுக்கு ஏன்?

இரவு இரண்டு மணிக்கு ஓஎம்ஆரில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன், கோபம் கூடுதலாகத் தெரிந்தால் மன்னிக்கவும்.

#18 ஒற்றியூர் தமிழ் டீச்சர்

கோபம் நியாயமானது மகளே. முப்பத்தொரு வருடம் அந்தக் காதையைப் பாடம் நடத்தினேன். தீ வரும் இடத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு பெண்பிள்ளையாவது இதையே கேட்பாள். ‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்லி நான் நழுவியதும் உண்டு.

ஆனால் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தக் காதையின் பெயர் ‘ஆதிரை தீப்புகுந்த காதை’ இல்லை, ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’. மணிமேகலை கையில் அமுதசுரபி இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாது. ஆனால் முதல் கவளத்தை யாராவது போட வேண்டும். யார் கையால் வாங்குவது என்று கேட்கிறாள். காயசண்டிகை என்கிறவள், அவளே யானைத்தீ என்னும் தீராப் பசியால் துடிக்கிறவள், இந்த வீட்டைக் காட்டி ஆதிரையின் கதையைச் சொல்கிறாள். மணிமேகலை உள்ளே போய் வண்ணம் தீட்டாத ஓவியம்போல் பேசாமல் நிற்கிறாள். ஆதிரை வலம் வந்து வணங்கி, பாத்திரம் நிறையச் சோறு இடுகிறாள்.

‘பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுகென
ஆதிரை யிட்டனள் ஆருயிர் மருந்தென்’

உலகம் முழுவதும் பசி என்ற நோய் ஒழியட்டும் என்று சொல்லி இட்டாள். அந்தப் பாத்திரத்திலிருந்து அதன்பிறகு எத்தனை பேர் சாப்பிட்டாலும் முதல் சோறு அவள் இட்டது. இப்போது தெரிகிறதா, ‘ஆதி + இரை’ என்று எழுதிய பையனை நான் ஏன் மறக்கவில்லை என்று? இலக்கணம் தப்பு, ஆனால் கதை அவன் மண்டையில் ஏறியிருந்தது.

#19 இரவுப்பணி

டீச்சர், சோறு இட்டது அழகுதான். ஆனால் அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே பத்தினி என்பதுதானே? பத்தினிப் பெண் கையால் முதல் பிச்சை வாங்குவது சிறப்பு என்றுதானே வருகிறது? தீயைக் கழித்துவிட்டுச் சோற்றை மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது?

#20 ஒற்றியூர் தமிழ் டீச்சர்

கழிக்க முடியாது. நீங்கள் சொல்வது சரி. மணிமேகலை எழுதிய சாத்தனார் இரண்டையும் ஒரே இலையில்தான் பரிமாறுகிறார்.

#21 மாடவீதி

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது சாதுவன் பகுதி. உடைந்த மரத்தைப் பிடித்து நாகர் தீவில் கரை ஒதுங்குகிறான். அவர்கள் மனித இறைச்சி தின்பவர்கள். இவனுக்கு அவர்கள் மொழி தெரியும், அதனால் பிழைக்கிறான். அப்புறம் கொல்லாதீர்கள் என்று அவர்களுக்கே அறம் சொல்கிறான். குடிகாரன் திருந்தினால் இப்படித்தான், ஊருக்கெல்லாம் உபதேசம்.

#22 இரவுப்பணி

அவன் குடித்தான் என்று நூலில் இல்லை, சூதும் கணிகையும்தான். நாகர் தலைவன் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொன்னபோதே வேண்டாம் என்கிறான். எனக்குப் பிடிக்காத ஆள்தான், அதற்காக இல்லாத பழியைப் போட மாட்டேன்.

#23 இன்னொரு ஆதிரை

தலைப்பைப் பார்த்து ஓடி வந்தேன். வயது 34, வேளச்சேரி. பெயர் இதுவேதான். அப்பா மணிமேகலை படித்து வைத்தது; என் நட்சத்திரம் பூரட்டாதி.

பொருளை விடுங்கள், நடைமுறையைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எப்படி எழுதப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எனக்குப் பிறப்புச் சான்றிதழில் முன்னால் ஒரு ஏ, நடுவில் டிஹெச். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் யாரோ இரண்டு ஏ போட்டு டிஹெச்-சை வெறும் டி ஆக்கிவிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போனபோது ‘இது இரண்டும் ஒரே ஆளா?’ என்று கேட்டார்கள். கடைசியில் அரசிதழில் பெயர் வெளியிட்டு நேர் செய்தோம். அந்த ஓர் எழுத்துக்காக நான் போட்ட கையெழுத்தைக் கணக்கெடுத்தால் ஒரு நோட்டுப் புத்தகம் தேறும்.

வெறும் டி போட்டால் வடக்கத்தி மேலாளர் ‘அடிராய்’ என்பார். ஒரு ஏ போட்டால் நம் ஆட்களே ‘அதிரை’ என்று குறுக்குவார்கள். அது தஞ்சாவூர்ப் பக்கம் அதிராம்பட்டினத்துக்குச் செல்லப்பெயர். கல்லூரியில் ஒருத்தன் “உங்க ஊர் அங்கேயா?” என்று நிஜமாகவே கேட்டான். பள்ளியில் பட்டப்பெயர் அதிரசம். அதுமட்டும் எனக்குப் பிடித்தே இருந்தது.

#24 சந்தேகப்பிராணி

2020-இல் அரசாங்கமே 1,018 ஊர்ப்பெயர்களை உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுதக் கிளம்பி, மயிலாப்பூருக்கு எத்தனை ஏ, பூருக்கு எத்தனை ஓ என்று சண்டை வந்து, சில நாளில் ஆணையைத் திரும்பப் பெற்றது. தனி மனிதர் என்ன செய்வது?

#25 பல்லாவரம் பிரியா

முகப்பேர் அப்பாவுக்கு ஓர் அவசரமில்லாத தகவல். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்திருப்பீர்கள். பெயர் போடாமல் பதிந்திருந்தால் 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை. எனவே ஞாயிறு தொட்டில் வேறு, சான்றிதழ் வேறு. எழுத்தை நிதானமாக முடிவு செய்யுங்கள். ஒரு தடவை ஏற்றிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

#26 முகப்பேர் அப்பா

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று இரவு முழு இழையையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தீப்புகுந்த பகுதி வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அவளுக்கு அந்தப் பாதி தெரியாதாம், பள்ளியில் அமுதசுரபி வரைக்கும்தான் படித்திருக்கிறாள். சோறு இட்ட அடிகளை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பெயரில் மாற்றமில்லை.

அம்மாதான் இன்னும் அசையவில்லை. கேட்டையிலேயே நிற்கிறார். அவர் பயம் இதுதான்: கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் ஆதிரை, நட்சத்திரம் கேட்டை என்று சொன்னால் அர்ச்சகர் குழம்பி, திருவாதிரை நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்துவிடுவாராம். பலன் வேறு யாருக்காவது போய்விடுமாம். சிரிக்காதீர்கள், அவர் நிஜமாகவே கவலைப்படுகிறார்.

#27 பல்லாவரம் பிரியா

சிரிக்கவில்லை, ஆனால் அம்மாவிடம் இதைக் கேளுங்கள். உங்கள் சொந்தத்தில் ரேவதி, ரோகிணி, சித்ரா, சுவாதி என்று எத்தனை பேர்? எல்லோரும் அந்தந்த நட்சத்திரத்திலா பிறந்தார்கள்? என் சின்ன மாமியார் ரேவதி, பிறந்தது மகம். அறுபது வருடமாக அர்ச்சனை சரியாகத்தான் போய்ச் சேருகிறது.

#28 மொட்டைமாடி வானம்

இன்னொன்றும் சொல்லுங்கள். ஜோசியர் கணக்குப்படி திருவாதிரைக்கு உரிய எழுத்துகள் கு, க, ங, ச. ‘ஆ’ அதில் இல்லவே இல்லை. அதாவது திருவாதிரையிலேயே பிறந்திருந்தாலும் ஆதிரை என்று வைக்க அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ங-வில் பெயர் தேட வேண்டியிருக்கும். ஒளவையார் ‘ஙப்போல் வளை’ என்றதோடு அந்த எழுத்துக்கு வேலை முடிந்தது.

#29 மாடவீதி

அம்மாவுக்குப் பக்தி வழியிலும் ஒரு பிடி இருக்கிறது. 27-இல் ‘திரு’ அடைமொழி இரண்டுக்கு மட்டும்தான். பெருமாளுக்குத் திருவோணம், சிவனுக்குத் திருவாதிரை. நட்சத்திரமாகப் பார்க்க வேண்டாம், சாமி பெயராகப் பார்க்கச் சொல்லுங்கள். சரித்திரம் பிடிக்கும் என்றால், ராஜேந்திர சோழனும் ஆடித் திருவாதிரையில் பிறந்தவர்தான். அந்த நாளில்தான் கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா எடுக்கிறார்கள்.

#30 ஒற்றியூர் தமிழ் டீச்சர்

யாராவது பொருள் கேட்டால் என்ன சொல்வது என்று முதலில் கேட்டீர்களே, அதற்கு என் பதில். ‘ஈரம்’ என்று சொல்லுங்கள். நனைந்தது என்ற பொருளில் மட்டும் அல்ல. தமிழில் ஈரம் என்றாலே அன்பு. ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்கிறார் வள்ளுவர். நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று நாமும் தினமும் திட்டுகிறோம். வடமொழி ஆர்த்ராவுக்கும் நனைந்தது என்பதோடு இளகியது, கனிந்தது என்ற பொருள் உண்டு. பசித்தவர் பாத்திரத்தில் முதல் சோறு இட்டவளுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எனக்குத் தெரியவில்லை. சாத்தனார் நினைத்து வைத்தாரா என்று சந்தேகப்பிராணி கேட்பார். கேட்கட்டும்.

#31 சந்தேகப்பிராணி

கேட்கவில்லை. இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன்.

#32 முகப்பேர் அப்பா

ஞாயிறு முடிந்தது. பெயர் ஆதிரைதான்.

என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ரேவதி வாதம் ஓரளவு வேலை செய்தது. எங்கள் அத்தை ரோகிணி பிறந்தது அனுஷத்தில் என்று அம்மாவுக்கே நினைவு வந்தது. ஆனாலும் சனிக்கிழமை இரவுவரை வாய் திறந்து சரி என்று சொல்லவில்லை. ஞாயிறு காலை தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, மஞ்சள் துண்டால் பெயர் எழுத வேண்டும். என்னை எழுதச் சொன்னார்கள். அம்மா வந்து மஞ்சளை வாங்கிக்கொண்டு தானே எழுதினார். ‘ஆ’வின் சுழியை மட்டும் இரண்டு தடவை அழித்து எழுதினார். காதில் மூன்று முறை சொன்னதும் அவர்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்தத் தாம்பாளத்து அரிசியை எடுத்துக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போனார். சமையல்காரர் பந்திக்கு உலை வைத்திருந்தார். அதில் கொட்டிவிட்டு வந்தார். ஏன் என்று மனைவி கேட்டதற்கு, “அவள்தானே முதலில் போடணும்?” என்றார். நான் மனைவிக்கு வாசித்தபோது பக்கத்து அறையில் இருந்திருக்கிறார்.

சாப்பாட்டில் மஞ்சள் வாசனை அடித்தது என்று சித்தப்பாவுக்குக் குறை.

#33 இரவுப்பணி

வாழ்த்துகள். அம்மாவை எனக்குப் பிடித்திருக்கிறது.

#34 திருச்சூர்க்காரி

ஆதிராக்கள் சார்பில் வரவேற்பு!

#35 இன்னொரு ஆதிரை

எல்லாம் சரி, எத்தனை ஏ?

#36 முகப்பேர் அப்பா

இரண்டு. நடுவில் டிஹெச். மனைவி காகிதத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள், யாரும் மாற்றக் கூடாதாம்.

#37 அம்பத்தூர் புதுவரவு

இழை பழசுதான், இருந்தாலும் கேட்கிறேன். எங்களுக்குப் பையன். திருவாதிரையிலேயே பிறந்திருக்கிறான். ஆண்பிள்ளைக்கு இதே பெயர் ஏதாவது வடிவத்தில் உண்டா? ஜோசியர் கு-வில் குமரன், குகன் என்கிறார்.

#38 ஒற்றியூர் தமிழ் டீச்சர்

உண்டு. கலித்தொகையிலேயே சிவனுக்கு ‘ஆதிரையான்’ என்று வருகிறது. வீட்டில் கூப்பிடும்போது ஆதிரையா என்று வாயில் நன்றாக உருளும். ஆனால் மேலே 23-ஆம் பதிவைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், இதில் எழுத்து இன்னும் கூடுதல்.